எதிர் நாற்காலி

நிகழ்ச்சி தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது, வருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஆள் நாலே வார்த்தையில் கைகழுவினார்: "மன்னிக்கவும், இன்று வர இயலாது." கைபேசியில் அதைப் படித்துவிட்டு அவள் ஒன்றும் பதறவில்லை. தொலைக்காட்சி நிலையத்தில் ஆள் பிடித்து உட்கார வைப்பதுதான் அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலிக்காரி என்றே பெயர். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். விவாதம் என்றால் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அதுதான் தயாரிப்பாளர் போட்ட சட்டம். சாலையில் குழி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், குழியே இல்லை என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். அன்றைக்குத் தலைப்பு வெயில். பூமி சூடாகிக்கொண்டு வருகிறது என்று சொல்ல வானிலை ஆய்வு மையத்து அம்மாள் முன்னாலேயே வந்து, முகத்தில் பவுடர் போட வந்தவளைக் கையமர்த்திவிட்டு, கொண்டுவந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே காலி.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "யாராவது கிடைப்பாங்களா, இல்ல நானே போய் உக்காரட்டுமா?"

"கிடைப்பாங்க," என்றாள்.

அப்போதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து, பெட்ரோல் முதல் பல்பொடி வரை உலகம் எப்படி ஏமாற்றுகிறது என்று பாடம் எடுப்பார். இந்த வெயில் கதையைப் பற்றி அவருக்கு ஒரு தனி அபிப்பிராயமே உண்டு. நிலையத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் வீடு. கூப்பிட்டாள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். சித்தி பின்னாலிருந்து ஏதோ கத்தியதையும் காதில் வாங்காமல் கிளம்பி வந்திருக்கிறார் என்பது தலை வாராத கோலத்திலேயே தெரிந்தது.

திரையில் பெயருக்குக் கீழே ஒரு பட்டை வரும். ஆள் யார் என்று அதில் எழுதியாக வேண்டும்; காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது. "ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்" என்று அடித்தாள். நீளம் அதிகம் என்று சிவப்பாக எரிந்தது. ஒளிபரப்புக்குப் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "விஞ்ஞானி" என்று அடித்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

சித்தப்பா சக்கைப்போடு போட்டார். "நான் சின்னப் பையனா இருந்தப்பவும் வெயில் மண்டையைப் பொளந்துச்சு. அப்போ யாரும் மாநாடு கூட்டல. குடையை எடுத்துக்கிட்டுப் போனோம், அவ்வளவுதான்," என்றார். நிகழ்ச்சி நடத்துகிறவரே சிரித்துவிட்டார். ஆய்வு மையத்து அம்மாள் "பெரும்பாலும்", "வாய்ப்பு அதிகம்", "இந்த ஒரு வருஷத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டுப் போட்டுப் பேசினார். அவர் பேசியது சரிதான். ஆனால் சரியாகப் பேசுகிறவர் தயங்குகிற மாதிரியும், அடித்துவிடுகிறவர் எல்லாம் தெரிந்த மாதிரியும் காட்டுவதுதானே இந்தப் பெட்டியின் பிழைப்பு. மறுநாள் காலைக்குள் குடை வசனம் ஊரில் பாதிப் பேர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதன் பிறகு சித்தப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேறு இரண்டு நிலையங்கள் கூப்பிட்டன. மன்றங்களில் பேசினார். முடி வெட்டப் போன இடத்தில் எழுந்து நின்று இடம் கொடுத்தார்களாம். "வீட்ல நான் கேக்கலன்னு ஊரையே கூட்டி வெச்சுட்டாரு," என்று சித்தி நொடித்தாலும், அவர் முகத்தில் பெருமை இல்லாமல் இல்லை. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தவள் அவள். பேசுவதற்கு ஆள் கிடைத்ததும் அவருக்கு நடையே மாறிவிட்டது. அவருக்கு ஒரு நல்லது செய்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

நகராட்சி அந்தச் சமயத்தில் ஒரு தீர்மானம் வைத்திருந்தது. வெயில் மாதங்களில் உச்சி வேளையில் வெளிவேலையை நிறுத்த வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். நிறைவேறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் சங்கம் கூட்டத்துக்கு ஒரு திரையைக் கொண்டுவந்து சித்தப்பா பேசியதை ஓட்டிக் காட்டியது. குடை, மாநாடு, எல்லாம். கீழே பட்டையில் விஞ்ஞானி. "வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையே, நாம எதுக்கு அவசரப்படணும்?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர். தீர்மானம் தள்ளிப்போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பொதுக் கூட்டம், ஊரார் முன்னிலையில் இரண்டு தரப்பையும் கேட்டு முடிவெடுப்பார்கள், நேரடி ஒளிபரப்பு. ஒப்பந்தக்காரர்கள் தரப்பில் பேசப்போவது யார் என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

அவள் கணவன் தகரக் கூரை மாட்டுகிறவன். பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் மேலே ஏறி நின்று திருகாணி முடுக்குகிற வேலை. தீர்மானம் தள்ளிப்போன அன்று வீட்டுக்கு வந்து, குழாயடியில் தலையைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். கூட வேலை செய்கிறவன் ஒருவன் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டான், இடுப்புக் கயிறு இருந்ததால் பிழைத்தான் என்று துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"வெயில் ஏறலன்னு உங்க சித்தப்பா சொல்லிட்டாராமே," என்றான். "எங்க தகரத்துக்குத்தான் யாரும் தகவல் சொல்லல போல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். குத்திக் காட்டுகிற சுபாவம் இல்லை அவனுக்கு. அதனால்தான் அது அவளுக்கு நேராக உள்ளே இறங்கியது. நாளைக்கும் அவன் ஏறத்தான் போகிறான். வெள்ளிக்கிழமை சித்தப்பா எழுந்து நின்று பேசிவிட்டால் இந்த வெயில் மாதம் முழுக்க ஏறத்தான் போகிறான். பேசச் சொல்லி அவரை நாற்காலியில் உட்கார வைத்ததும், உட்கார வைத்தது போதாதென்று தலையில் கிரீடம் வைத்ததும் யார்? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகை வரவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அழுவதற்கு என்ன இருக்கிறது, திருத்த வேண்டியதுதான்.

சித்தப்பா வீட்டில் மேசை முழுக்கக் காகிதம். வெள்ளிக்கிழமைப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தார். "வா பாப்பா, நல்ல நேரத்துல வந்தே. ஆரம்பத்துல ஒரு சிரிப்பு வேணும், இது எப்படி இருக்குன்னு சொல்லு," என்றார்.

"சித்தப்பா, உங்க வகுப்புல ஒருத்தன் சோதனையே செய்யாம முடிவை மட்டும் எழுதிக் கொடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கி அவன் மூஞ்சியில எறிவேன். மறுபடி செய்டான்னு நிக்க வெப்பேன். உனக்குத் தெரியாதா?"

"நீங்க வெயிலை அளந்திருக்கீங்களா?"

அவர் பேனாவை மூடினார். வகுப்பில் பின் வரிசையைப் பார்க்கிற பார்வை பார்த்தார். "அளந்தவங்க சொல்றதெல்லாம் வேதமா? கேள்வி கேக்கக் கூடாதா? கேள்வி கேக்கச் சொல்லித்தானே நான் முப்பது வருஷம் மாரடிச்சேன்."

"கேளுங்க. நீங்க இதுவரைக்கும் கேக்கவே இல்லையே சித்தப்பா. பதில்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சித்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தது. சித்தப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது. கோபமா, அவமானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் வந்த காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள்.

"விஞ்ஞானின்னு போட்டது நான். இடம் பத்தலன்னு போட்டேன். வெள்ளிக்கிழமை சரியானதைப் போடப் போறேன். அங்க வந்து திடுக்குனு பார்க்க வேணாம்னுதான் முன்னாடியே சொல்றேன்."

"போட்டுக்கோ," என்றார், காகிதத்தைப் பார்த்தபடி. "வாத்தியார்னு சொல்றதுல எனக்கென்ன வெக்கம்? நீ போ, எனக்கு வேலை இருக்கு."

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு அது முதல் தடவை. தெருவில் இறங்கியபோது கண் கரித்தது. துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மின்விசிறிகள் எல்லாம் சுழன்றும் ஆட்கள் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். வெளி ஒளிபரப்பு என்றால் எப்போதும் ஆள் பற்றாக்குறை. நாற்காலிக்காரி தலையிலேயே பட்டை அடிக்கிற வேலையையும் கேமரா மாற்றுகிற பலகையையும் கட்டிவிட்டு, தயாரிப்பாளர் நிலையத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. ஒளிபரப்பாவது அப்படியே அதில் தெரியும். மேடையில் ஒரு பக்கம் ஆய்வு மையத்து அம்மாள், மறுபக்கம் சித்தப்பா. கடைசி வரிசையில் அவள் கணவனும் அவன் குழு ஆட்களும் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா அவளிருந்த மூலைப்பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் அந்த அம்மாள் பேசினார். வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டுப் போட்டுத்தான். பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். பிறகு நகராட்சித் தலைவர் சித்தப்பாவை அழைத்தார். கைதட்டல் எழுந்தது. அவர் எழுந்து, மடித்து வைத்திருந்த பேச்சைப் பிரித்தார். அவள் விசையை அழுத்தினாள். பெரிய திரையில் அவர் முகம், முகத்துக்குக் கீழே பட்டை: "வேதியியல் ஆசிரியர், ஓய்வு". பிசகில்லாமல் உட்கார்ந்தது. அரை நிமிஷம் யோசித்திருந்தால் அன்றைக்கே உட்கார்ந்திருக்கும்.

"என்ன போட்டிருக்கே?" என்றது காது. "பழையதைப் போடு."

"பழசு தப்பு சார். திருத்திட்டேன்."

காதுக்குள் ஏகப்பட்டது வந்தது. வேலை, ஒழுங்கு, நாளைக்குக் காலையில் என் அறைக்கு வா. அவள் ஒலியைக் குறைத்தாள். மேடையில் தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க காலநிலை விஞ்ஞானின்னு நினைச்சுக்கிட்டு இருந்தோமே. இல்லையா?"

டிவிக்காரர்கள்தான் அப்படிப் போட்டார்கள், நான் ஒருநாளும் சொன்னதில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம். சொன்னால் அது உண்மையும்கூட. எங்கே அந்தப் பெண் என்று அவளைக் கை காட்டவும் செய்யலாம். காட்டட்டும் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சித்தப்பா திரையில் தன் முகத்தைப் பார்த்தார், கீழே இருந்ததைப் படித்தார். வாத்தியார் அல்லவா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நிதானமாகப் படித்தார்.

"இல்ல," என்றார். "வேதியியல் வாத்தியார். இப்போ போட்டிருக்கறதுதான் சரி." கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "பேசணும்னுதான் வந்தேன். அதுக்கு முன்னாடி இந்த அம்மாகிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

ஒப்பந்தக்காரர்கள் வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. தலைவர் தலையாட்டினார்.

"உங்க கருவியை அந்தக் காலத்துல வெட்டவெளியில வெச்சிருப்பீங்க. இப்போ அதைச் சுத்திக் கட்டடம் வந்திருக்கும். கட்டடம் சூட்டைக் கக்கும். நீங்க அளக்கறது பூமியோட சூடா, பக்கத்து வீட்டுச் சுவரோட சூடா? அதை எப்படிக் கழிச்சீங்க? என்னை நம்ப வெக்கணும்னு இல்ல. எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க, போதும்."

நக்கல் இல்லை, குடை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற குரல். சோதனைக்கூடத்தில் அவர் இப்படித்தான் இருந்திருப்பார் போல என்று அவளுக்குத் தோன்றியது. ஆய்வு மையத்து அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார்.

"இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு எத்தனை மேடையில உக்காந்திருக்கேன் சார்," என்றார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேடையின் மறுபக்கம் வந்து, சித்தப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எழுத வேறு காகிதம் இல்லை. சித்தப்பா கவிழ்த்து வைத்திருந்த பேச்சின் பின்பக்கத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மாள் வருஷத்துக்கு வருஷம் சூடு போகிற போக்கைக் காட்டி ஒரு கோடு போட்டார். "இது ஊருக்குள்ள இருக்கற கருவி." அதன் கீழே இன்னொரு கோடு. "இது ஊருக்கு வெளிய, கட்டடமே இல்லாத இடத்துல. இப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க." குரலில் தாழ்ப்பாள் எதையும் காணோம்.

"வெட்டு," என்றது காது, குறைத்து வைத்த ஒலியிலும் கேட்கும்படி. "ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்துட்டாங்க. சண்டையே இல்லையே. விளம்பரத்துக்குப் போ."

அவள் பலகையில் கை வைத்தாள். கடைசி வரிசையில் அவள் கணவன் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு வந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். தீர்மானம் இன்னும் வாக்கெடுப்புக்கே வரவில்லை. சித்தப்பாவும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"ரெண்டாவது கேமரா," என்றாள் ஒலிவாங்கியில். "மூஞ்சி வேணாம். காகிதத்துக்குக் கிட்டப் போங்க. இன்னும் கிட்ட."

பெரிய திரை முழுக்கக் காகிதம் வந்து நின்றது. இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக மெல்ல ஏறிக்கொண்டே போயின. சுண்ணாம்புக்கட்டி பிடித்துத் தேய்ந்த ஒரு விரல் வந்து, கீழ்க்கோட்டின் நடுவில் ஓரிடத்தில் அழுத்தி நின்றது.

"இங்க மட்டும் ஏன் இறங்குது?"

பேனா பிடித்த கை அந்த விரலுக்குப் பக்கத்தில் வந்தது. மண்டபமே கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.