அழாத பிள்ளை

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பாடம் சொல்லும் அந்தப் பள்ளியில் பயிற்சி ஆசிரியை என்றால் எடுபிடி என்று பொருள். பாடம் நடத்துவது பேருக்குத்தான். தலை வாரிவிடுவது, ஒற்றைச் செருப்புக்கு ஜோடி தேடுவது, மதியம் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவைப்பது எல்லாம் பயிற்சிக்கு வந்திருந்த அவள் தலையில் விழுந்தன. மற்றவர்கள் எப்படியோ படுத்துவிடுவார்கள். சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் ஆறு வயதுக்காரி மட்டும் அம்மாவைக் கேட்டு அழுது கூடத்தையே இரண்டாக்குவாள்.

முதல் வாரமே பொறுப்பாளர் கூடத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஒரு புள்ளைய சமாளிக்க முடியல, நீங்க எப்படிம்மா வகுப்ப சமாளிப்பீங்க? இன்னும் இப்படியே அழுதுதுன்னா நீங்க கெளம்பிக்கலாம்."

இந்தப் பயிற்சியை முடித்தால்தான் வேலை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

உடன் வேலை பார்த்தவள் வழி சொன்னாள். "நாளைக்கு அம்மா வருவாங்கன்னு சொல்லு. நாளைக்குக் கேட்டா மறுபடியும் நாளைக்குன்னு சொல்லு. அதுங்களுக்குக் கெழமையா தெரியப்போவுது?"

அவளும் சிட்டுவிடம் அப்படியே சொன்னாள். என்ன மாயமோ, சிட்டு வாயையும் மூடி, கண்ணையும் மூடிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. பொறுப்பாளரே "பரவாயில்லையே!" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாய் கூசாமல் பொய் சொன்னதற்கு இத்தனை பெருமை!

பிறகு புதிதாக ஒரு குட்டிப்பெண் வந்து சேர்ந்தாள். அன்று மதியம் அவளுக்குப் போர்வை எடுத்துக்கொண்டு திரும்பிய ஆசிரியை கதவருகே நின்றாள். உள்ளே குட்டி விசும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிட்டு தட்டிக்கொடுத்தாள்.

"அழாதடி. நாளைக்கு அம்மா வருவாங்க."

"நெஜமாவா?"

"இல்ல, பொய்தான். மிஸ் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ தூங்குற மாதிரி படுத்துக்கோ. நாம அழுதா மிஸ்ஸ வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. பாவம்ல? அழுகை வந்தா தலகாணிய கடிச்சுக்கோ. நான் அப்படித்தான்."

ஆசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. எலி கடித்தது என்று நினைத்து சிட்டுவின் தலையணை உறையை இரண்டு முறை மாற்றியது அவளேதான். ஆறு வயதுப் பிள்ளை தன் அழுகையை விழுங்கி அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், சிட்டுவோட அம்மாவுக்கு போன் போடணும். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லணும்."

பொறுப்பாளர் நிமிர்ந்தார். "பாதியில ஒரு புள்ள போச்சுன்னா யார் பேர் கெடும்? உங்க பேர்தான், தெரியுமில்ல? அதுவும் இப்ப எதுக்கு? அவதான் அழறதையே விட்டுட்டாளே!"

"அதுக்குத்தான் சார்" என்றவள், அவர் சரி என்று சொல்வதற்குக் காத்திராமல் மேசைமேல் இருந்த போனை எடுத்தாள்.