அம்பு போட்ட பெஞ்சுகள்

ஆவடி பட்டாள லைனில் ஒரு சாமானுக்கு அம்புக்குறிதான் உயிர். அம்பு இருந்தால் சர்க்கார் சொத்து, எவனும் தொடமாட்டான். இல்லையென்றால் கிடங்கு ஆட்கள் லாரியில் ஏற்றி விறகாக்கிவிடுவார்கள். அதனால்தான் லைனில் குடியிருந்த எல்லம்மா, அங்கிருந்த பள்ளிக்கூடத்துப் பதினெட்டு பெஞ்சுக்கும் வெள்ளை பெயிண்டில் அம்பு போட்டாள். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தாள்.

பர்மா சண்டைக்குப் போன சிப்பாய்களின் பெண்டாட்டிகள் பிடியரிசி சேர்த்து நடத்திய பள்ளி அது. ஞானகுமாரி டீச்சர் அந்த அரிசியையே சம்பளமாக வாங்கிக்கொண்டு எட்டாவது வரை சொல்லிக்கொடுத்தாள். இந்த வருஷம் எல்லம்மாவின் மகள் தாட்சாயிணி அரசாங்கப் பரீட்சை எழுதவேண்டும். அங்கீகாரம் இல்லாத பள்ளிப் பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது.

அங்கீகாரம் கொடுக்க வந்த இன்ஸ்பெக்டர் எத்திராஜ், பெஞ்சைப் பார்த்ததுமே பேனாவை மூடினார். பட்டாளத்துச் சொத்தில் நடப்பது பட்டாளத்துப் பள்ளி, அதற்குக் கல்வி இலாகா அங்கீகாரம் தர முடியாது என்றார். பட்டாள ஆபீசோ, இது குடும்பங்கள் நடத்துவது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று முன்பே கடிதம் கொடுத்திருந்தது. டீச்சர் அந்தக் கடிதத்தைக் காட்டினாள். கடிதம் ஒன்று சொல்கிறது, பெஞ்சு வேறு சொல்கிறதே அம்மா, என்று அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எல்லம்மா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பட்டாளத்து அம்பை வெளியாள் போட்டால் குற்றம். லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் கள்ளிக்குப்பத்தில் அண்ணன் வாசலில்தான் போய் நிற்கவேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் படிப்பு அதோடு சரி. பாழாய்ப்போன பயத்தை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க அம்பு போட்டேன். அத்தினியும் எங்க பெஞ்சி."

அவர் நம்பவில்லை. எல்லம்மா பிள்ளைகளின் மதியச் சோற்றுக்குக் காய் நறுக்க வைத்திருந்த அரிவாள்மனையைத் தூக்கிவந்து முதல் பெஞ்சைச் சுரண்டினாள். பெயிண்ட் உரிந்த இடத்தில் கறுப்பு எழுத்து தெரிந்தது: உபயம், வேம்புலியம்மாள். அடுத்த பெஞ்சில் உபயம், பூங்காவனம். கோயிலுக்கு ஒரு விளக்கு கொடுத்தாலும் பேர் எழுதாமல் விடாத பெண்கள் பெஞ்சில் மட்டும் விடுவார்களா? அந்தப் பேர்களின் மேலேயே அம்பை அப்பிவிட்டிருந்தாள் இந்த மகராசி.

மூன்றாவது பெஞ்சில் தெரிந்ததை டீச்சர் தசரதன் என்று படித்ததும் அவள் கை நின்றுவிட்டது. யார் அது என்று கேட்டார் எத்திராஜ்.

"எங்க ஊட்டுக்காரரு. பர்மாவுல கீறாரு. ஏழு மாசமா கடுதாசி இல்லீங்க."

அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். அம்பு யார் போட்டது என்பது தன் இலாகா சமாச்சாரம் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, படிவத்தில் தனியார் பள்ளி என்று எழுதினார். அடுத்த கட்டம் நிர்வாகி. சட்டப்படி பொறுப்புக்கு ஒருவர் பேர் வேண்டுமாம்.

டீச்சர் யோசிக்கவே இல்லை. "எல்லம்மான்னு எழுதுங்க சார்" என்றாள்.

கையெழுத்துப் போடத் தெரியாதே என்று எல்லம்மா கூசினாள். தாட்சாயிணி மைப்பெட்டியைத் திறந்து பிடித்தாள். எல்லம்மா பெருவிரலில் ஒட்டியிருந்த வெள்ளை பெயிண்ட் தூளை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு, மையில் தொட்டு, தன் பேருக்குப் பக்கத்தில் வைத்தாள்.