மருத்துவச்சியா, கடத்தல்காரியா?

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் இன்னும் எடுக்கவில்லை. அம்மா படுத்திருந்த அறைக்குப் போகலாமென்று நிமிர்ந்தால், வாசலில் குறுக்கே அவன் மனைவி நின்றாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். அவள் ஓரிடத்தில் நின்றாள் என்றால் நின்றதுதான்.

உள்ளே அவன் அம்மாவின், அவளுக்கு அத்தையின், மூச்சு யோசித்து யோசித்து வந்துகொண்டிருந்தது. காலையில் வந்த நர்ஸ் எதையும் ஒளிக்கவில்லை. இன்றைக்குத் தாண்டாது, ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்தால் சில நாள் இழுக்கலாம், ஆனால் கண் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது, பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசுவதற்கு அவன் எங்கே நின்றான்? மருந்துக்கடைக்காரன். எல்லா நோவுக்கும் ஏதோ ஓர் அலமாரியில் ஏதோ ஒன்று இருந்தே தீரும் என்று நம்பியே வளர்ந்தவன்.

"வழி விடு."

"ஃபோன வைங்க. அத்தைக்கு இது வேணாம்."

"உங்கிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆட்டத்துல."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்கவே கூடாதோ என்று அவளுக்கு ஆகிவிட்டது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது? உண்மை அதுதானே!

அத்தை சாதாரணப்பட்டவள் இல்லை. பஸ் ஓட்டியவள். டிப்போவில் அவளுக்கு ஏர்ஹார்ன் என்று பட்டப்பெயர். அது பஸ்ஸில் இருந்த ஹார்னுக்காக வைத்த பெயர் இல்லை என்பது அவளோடு இரண்டு வார்த்தை பேசியவர்களுக்குத் தெரியும். ரிட்டயராகி முழங்கால் மடக்க முடியாமல் சோபாவோடு சோபாவாக ஆன பிறகு, மருமகள் டிவியில் 'உப்புக்கோட்டை' என்ற கேம் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நக்கலடிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் குதிரைவண்டியை மருமகள் மூன்றாவது முறையாகப் பள்ளத்தில் விட்டபோது பொறுக்கவில்லை. "குடு இப்படி. உனக்கெல்லாம் யாருடி லைசென்ஸ் குடுத்தா?" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். அப்புறம் அது மருமகள் கைக்குத் திரும்புவதே அபூர்வமாகிவிட்டது.

ஐந்து பாகத்தையும் முடித்தார்கள். நாலு பேரைக் கூட்டணி சேர்த்துக்கொண்டு கோட்டை கோட்டையாகப் போய்ச் சண்டை போடுகிற ஆட்டம். அதில் எந்தப் பெண் உசத்தி என்பதில்தான் வீட்டுக்குள் நிஜச் சண்டை. நாலாம் பாகத்து ராணியை இரண்டு பேருக்குமே ஆகாது. "பக்கம் பக்கமா வசனம் பேசுவா, ஒரு அடி விழுந்தா ஆளக் காணோம்" என்பாள் அத்தை. மருமகளுக்கு முதல் பாகத்து மருத்துவச்சிதான் உயிர். யார் விழுந்தாலும் கைமணியை ஆட்டுவாள், விழுந்தவன் எழுந்து நிற்பான். அத்தைக்கோ மூன்றாம் பாகத்துக் கடத்தல்காரி. தன் கூட்டாளி அடிபட்டுக் கிடக்கும்போது மணியோடு ஓடிவரும் அதே மருத்துவச்சியைக் கிட்டவே விடாமல், படகில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அலை ஏறி அவன் மூச்சு அடங்குகிறவரை உட்கார்ந்திருப்பாள்.

"மணியோட ஒருத்தி வந்து நிக்கையில அடிக்க விட்டாத்தான் என்ன அத்தை? கல்நெஞ்சுக்காரி உங்க ஆளு."

"உன் ஆளு ஒருத்தனையாவது கேட்டிருக்காளாடி? விழுந்தா மணி, எந்திரி. விழுந்தா மணி, எந்திரி. அவன் எத்தன தடவதான் எந்திரிப்பான்? இவதான் அவன் மூஞ்சியப் பார்த்தா. எனக்கு அப்படி ஒருத்தி இருந்தாப் போதும்."

இப்படிக் கத்திக்கொண்டே இருப்பார்கள். கடையிலிருந்து வந்த மகன் ஒருமுறை, "யாரு அந்தக் கடத்தல்காரி, மாடி வீட்டம்மாவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அத்தைக்குப் புரையேறிவிட்டது.

இதையெல்லாம் அவள் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பொம்மைய வெச்சு எங்கம்மா உயிர முடிவு பண்றியா?"

சுருக்கென்று தைத்தது. பதிலுக்குக் கத்தத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால்? விளையாட்டுப் பேச்சை விளையாட்டாகவே பேசியிருந்தால்? ஆனால் அத்தை அந்தப் படகுக் காட்சி வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவாள். வாய் ஓயாத மனுஷி அங்கே மட்டும் ஓய்ந்து போவதை இவள் பார்த்திருக்கிறாள். இவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"நீ யார் பக்கம் பேசின?" என்றான் அவன்.

"மருத்துவச்சி பக்கம். ஒரு தடவகூட விட்டுக்குடுத்தது இல்ல."

"இப்ப?"

"இப்பவும் அவதான் எனக்கு." குரல் உடைந்துவிட்டது. "அத்தை எந்திரிச்சு உட்கார்ந்து என்னத் திட்ட மாட்டாங்களான்னு இருக்கு. அதனாலதாங்க வழி விட மாட்டேங்கிறேன். இது நம்ம ஆசை. அவங்களது இல்ல."

ஃபோனில் யாரோ எடுத்து, "ஹலோ, எந்த ஏரியா?" என்றார்கள். அவன் தாயைப் பார்த்தான். மறுபடியும் "ஹலோ" என்றார்கள்.

"தப்பா வந்துடுச்சுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் நகர்ந்து வழி விட்டாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எப்படி வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை தடுமாறி, அம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் ஜன்னல் திரையை முழுசாக ஒதுக்கிவிட்டாள். தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தது. அத்தை நல்ல நிலையில் இருந்திருந்தால் இங்கிருந்தே ஸ்டியரிங் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

வெயில் கட்டில் காலைத் தாண்டி நகர்ந்த பிறகு, வந்த மூச்சுக்கு அடுத்தது வரவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் அவன் விரல் அம்மாவின் மணிக்கட்டுக்குப் போய் நாடியில் நின்றது, அவன் அதை எடுக்கவில்லை.

அவள் கீழே உட்கார்ந்து, அவன் ஷூ லேஸை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள்.