பஞ்சக்கல்லின் அடியில்

சக்கரக் கப்பல் இன்றும் ஓடாது என்று படித்துறையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆர்னோ லோசெ அதைப் படித்துவிட்டு எல்பெ ஆற்றைப் பார்த்தார். டிரெஸ்டனின் பழைய பாலம் இதுவரை யாருக்கும் காட்டாத தன் அடிக்கற்களைக் காட்டிக்கொண்டு நின்றது. நடு ஆற்று மணல்திட்டில் ஒரு நாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்துல நாய் நடக்குது பாருங்க அண்ணே," என்றாள் தங்கை ரெனாத்தா. "அப்பா இருந்திருந்தா அதுகிட்டயும் ஓடக்கூலி கேட்டிருப்பார்."

ஆர்னோ சிரிக்கவில்லை. ஆறு இப்படிக் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுப் பெரியவரை உடுத்தாமல் பார்த்துவிட்டது போலிருந்தது.

இரண்டு நாள் சுற்றுலா என்று ரெனாத்தாதான் அவரை லைப்ஸிக்கிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். நேற்று குவிமாடக் கோயில், அரண்மனை, ஓவியக்கூடம் எல்லாம் பார்த்தார்கள். எந்தப் படிக்கட்டிலும் ஆர்னோ கைப்பிடியைத் தொடவில்லை. எண்பதை நெருங்கியும் முதுகு வளையாத மனிதர். ஆனால் கோயிலையும் ஓவியத்தையும் பார்க்க அவர் வரவில்லை. தோள்பையில், துண்டில் சுற்றி, அவருடைய அப்பாவின் உளியும் சுத்தியலும் இருந்தன.

ஆறு வரும் திசையில், மணற்பாறைகளுக்கு நடுவே இருக்கும் வில்ஷ்டைன் அவர்களுடைய ஊர். அங்கே ஓடம் விட்ட குடும்பம் லோசெ குடும்பம். ஊர்த்துறைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் ஒரு பாறை உண்டு. மழை பொய்த்து ஆறு வற்றினால்தான் அது தலைகாட்டும், பஞ்சக்கல் என்பார்கள். அது வெளிப்படுகிற வருடத்தைக் கல்லில் செதுக்குகிற உரிமை லோசெ வீட்டு மூத்த ஆணுக்கு மட்டுமே.

"மூத்தவன் கைதான் உளியைத் தொடணும்," என்றார் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும்.

"இருக்கறதே ஒருத்தர். இதுல மூத்தவர் என்ன, இளையவர் என்ன?"

"பொறந்ததே ஒருத்தன்தான்."

"அப்ப நான்?"

"ஆம்பளையில சொன்னேன்."

ரெனாத்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வோல்க்மார் என்ற பெயரை அவரெதிரில் சொல்லக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

வோல்க்மார் அவர்களுடைய கடைசித் தம்பி. இளவேனிற்கால வெள்ளம் ஒன்றில், விடியற்காலைப் பனிமூட்டத்தில், ஓடம் ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. பனி விலகியபோது ஓடம் எதிர்க்கரையில் இரட்டைக் கட்டுப் போட்டுப் பத்திரமாக நின்றது. அதைப் பிடித்துக் கட்ட எடுத்துப் போகிற சின்ன இரும்புத் தோணியைக் காணோம். வோல்க்மாரையும் காணோம். இரண்டாம் நாள் சீருடைக்காரர்கள் வந்தார்கள். எல்லை தாண்டி மேற்கே ஓடிவிட்டான் என்றார்கள். ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து ஒருவன் ஓடினால் வீடே குற்றவாளி. தலைமுறை தலைமுறையாக விட்ட ஓடத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது.

"ஓடுறவன் ஓடத்தைக் கட்டி வெச்சுட்டா ஓடுவான்?" என்று அம்மா ஆர்னோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வெள்ளத்துல தோணி எடுக்கறவன் இடுப்புச் சங்கிலியத் தோணியில மாட்டிக்கணும், தோணி இல்லாம கரை ஏறக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் வெச்சிருக்கீங்க? தோணி வரலேன்னா அவன் எப்படிடா வருவான்? ஆத்துல தேடச் சொல்லுடா!"

ஆர்னோ தேடச் சொல்லவில்லை. ஓடிப்போனவனை ஆற்றில் தேடினால் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் என்று நினைத்தார். அம்மா செத்தபோது, இரண்டு பிள்ளைகளின் தாய் என்று கல்லறையில் எழுதவைத்தார்.

ரயில் ஆற்றங்கரையோடு போயிற்று. சரக்குப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. செத்த சிப்பிகளின் வாடை ஜன்னல் வழியே வந்தது. ரெனாத்தா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்குக் கொடுத்தாள், தான் தொடவில்லை.

"நீ ஏன் சாப்பிடல?"

"இறங்கலே."

"ஊர் சுத்திப் பாக்கணும்னு கூட்டிட்டு வந்தவ நீ. முகத்தப் பாத்தா இழவுக்குப் போறவ மாதிரி இருக்கு."

அவள் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஆர்னோ அவளுடைய காலணியைப் பார்த்தார். சேற்றில் நடக்கிற ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

வில்ஷ்டைனில் வெயில் வெள்ளையாக அடித்தது. ஊரே ஆற்றுப் படுகையில் நின்றது. சிலர் கையில் பீர் புட்டி. ஆனால் திருவிழாச் சத்தம் இல்லை. பஞ்சக்கல்லைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. தீயணைப்புத் தொண்டர்களின் தலைவன் தீலோ ஓடிவந்தான்.

"வாங்க லோசெ ஐயா. உளியோட வருவீங்கன்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க. கொஞ்சம் பொறுங்க, கல்லுக்கு அடியில ஒண்ணு கிடக்கு."

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பில்ட்ஸ் வீட்டுக் கிழவி கழுத்தை நீட்டினாள். ஓடத்தை லோசெக்களிடமிருந்து பிடுங்கிய பிறகு அதை விட்டது அவளுடைய புருஷன்.

"யாரு, ஆர்னோவா? தம்பிக்காரன் மேற்கேருந்து இன்னும் ஒரு வாழ்த்து அட்டை கூடப் போடலியா?"

"எனக்குத் தம்பி கிடையாது," என்றார் ஆர்னோ, எல்லோருக்கும் கேட்கும்படி.

ரெனாத்தா நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

கல்லின் உச்சியில் பாட்டன் பூட்டன் செதுக்கிய வருடங்கள். ஆறு ஆழமாக வற்ற வற்ற வருடங்களும் கீழே இறங்கின. ஆகக் கீழே இருந்த எண்ணுக்கும் கீழே இன்று ஆள் உயரம் கல் தெரிந்தது. யாரும் பார்த்திராத பாகம். பாசி காய்ந்து கறுத்திருந்தது. அதன் அடியில் கூழாங்கற்களுக்குள் துருப்பிடித்த இரும்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

தோணி.

ஆர்னோ கிட்டே போனார். அடித்தகட்டில் ஓர் ஒட்டு. அதைச் சுற்றி ஆணித் தலைகள் கோணலாக ஓடின. அப்பா அந்த ஒட்டைப் போட்டபோது ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான். ஒரு அடி விரல் நகத்தில் விழுந்து, அந்த நகம் இன்றும் வளைந்தே வளர்கிறது.

அவர் நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தார். ஓடம் கட்டியிருந்தது அங்கே. தோணி கிடப்பது இங்கே, வீட்டுப் பக்கம், கல்லில் மோதிய வாக்கில்.

"பேப்பர்ல இந்தப் படத்தப் பாத்ததும் தெரிஞ்சுது. திரும்பி வந்துட்டிருந்தான் அண்ணே," என்றாள் ரெனாத்தா. அவ்வளவுதான் சொன்னாள்.

தீலோ தொப்பியால் விசிறிக்கொண்டு பின்னால் வந்து நின்றான். "யாரோடதுன்னு தெரியல ஐயா. கிரேன் வருது. நாலு இழுப்பு இழுத்தா வந்துரும், பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு ஊராட்சியில சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா, யாரு தோணின்னு?"

மேட்டில் கிரேனின் உறுமல் கேட்டது. தெரியாது என்று ஒரு சொல் போதும். இரும்பு போய்விடும், மழை வரும், கல் மூழ்கும். இத்தனை காலம் அவர் சொன்னது எல்லாம் சொன்னபடியே நிற்கும். ரெனாத்தா காட்டிக்கொடுக்க மாட்டாள். ஊர் எதிரில் அவரை மறுத்து அவள் பேசியதே இல்லை. இப்போதும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார். ஓரத்து வளையத்தில் ஒரு கொக்கி மாட்டியிருந்தது. அதிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று தோணிக்கு அடியில், சரளைக்குள், நேராக இறங்கியது.

சின்ன வயதில் வோல்க்மார் தோணி ஏறும்போதெல்லாம் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது ஆர்னோவின் வேலை. "நல்லாத்தான் மாட்டியிருக்கேன், விடுண்ணா," என்று அவன் சலித்துக்கொள்வான்.

நல்லாத்தான் மாட்டியிருந்தான்.

கிரேன் கரையிறங்கத் தொடங்கியது. பில்ட்ஸ் கிழவி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"நிறுத்தச் சொல்லு," என்றார் ஆர்னோ.

"என்னங்க ஐயா?"

"அந்த கிரேனை நிறுத்தச் சொல்லுடா!"

தீலோ கையை ஆட்டினான். உறுமல் அடங்கியது. படுகை முழுதும் திரும்பிப் பார்த்தது.

"இது எங்க வீட்டுத் தோணி," என்றார் ஆர்னோ. தம்பி கிடையாது என்று சொன்ன அதே உரத்த குரலில் சொன்னார். "கிரேனால இழுக்காதீங்க. கையால தோண்டுங்க."

"கையாலயா? ஏன் ஐயா?"

"அடியில என் தம்பி இருக்கான்."

யாரோ ஒருவருடைய பீர் புட்டி கல்லில் பட்டு உருண்டது. பில்ட்ஸ் கிழவி மறுபடி உட்காரவில்லை. தீலோ தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டான்.

ஆர்னோவும் குனிந்தார். அந்த முதுகு வளைந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. பை தோளிலிருந்து நழுவி, உளி துண்டோடு சேற்றில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை. சங்கிலியை இரண்டு விரலால் பிடித்து, பழைய வழக்கப்படி, மெல்ல இழுத்துப் பார்த்தார்.

அது தளரவில்லை. மறுமுனை இன்னும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.