லோரிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே

பஷீருக்கு மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் அவன் டாக்டர் திருநாவுக்கரசின் குதிரை வண்டியை ஓட்டியவன். பினாங்கில் வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக மோட்டார் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. டாக்டரும் குதிரையை விற்றுவிட்டு ஒரு கறுப்புக் கார் வாங்கினார். குதிரை போனது, பஷீர் போகவில்லை. ஆனால் அவன் வேலை நிலைக்குமா என்பது இன்னும் இழுபறியாகவே இருந்தது. மூன்று வருஷம் கார் ஓட்டிப் பழகிய ஒருவன் ஈப்போவிலிருந்து வேலை கேட்டு எழுதியிருந்தான். அந்தக் கடிதம் டாக்டரின் மேசைமேல் கிடந்ததைப் பஷீர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தான்.

இந்த லட்சணத்தில் மச்சான் கல்யாணத்துக்குக் காரை இரவல் கேட்டது அசட்டுத் துணிச்சல்தான். என்ன செய்வது, மாமியார் ஹபீபா பீவி முந்திக்கொண்டுவிட்டாள். "என் மருமவன் ஓட்டுற காடியிலதான் என் மவன் மாப்பிள்ளையாப் போவான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். குதிரை வண்டிக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று பல வருஷம் பொருமியவள் அவள். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்த பிறகு எந்த மருமகனால் மறுக்க முடியும்? பஷீர் தலையைச் சொறிந்துகொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். "கொண்டு போ. ஆனா ஒரு கீறல்கூட விழப்படாது, பஷீர். விழுந்தா நான் ஈப்போவுக்குக் கடிதம் போட்டிடுவன்" என்றார்.

கல்யாண நாளன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் கப்பித்தான் பள்ளிவாசல் பக்கமிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஒரு பெரிய லோரி. அதில் சீர்த்தட்டுகளும், கொம்பாங் மேளம் அடிக்கும் எட்டுப் பேரும், பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த காகிதப்பூ மூங்கில்களும் இருந்தன. லோரிக்குப் பின்னால் பஷீர் ஓட்டிய கறுப்புக் கார். பின் சீட்டில் மாப்பிள்ளை அப்துல் ரசாக் தலைப்பாகைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஹபீபா பீவி குடையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீர் போகும் வண்டிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அன்னியர் யாரும் நுழையக் கூடாது. நுழைந்தால் பிற்பாடு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவிலும் யாராவது நுழைந்துவிடுவார்களாம். ஹபீபா பீவியின் நாத்தனார் கல்யாணத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே புகுந்தது. மறு வருஷம் ரங்கூனுக்குப் போன அந்த மாப்பிள்ளை அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். குடும்பமே கூடி உட்கார்ந்து அந்த மாட்டு வண்டிக்காரனைத்தான் திட்டியது.

ஆகவே ஹபீபா பீவி குடை நுனியால் பஷீரின் தோளில் குத்திக்கொண்டே வந்தாள். "ஒட்டிப் போ தம்பி. ஒரு பூனைகூட நுழையக் கூடாது."

பஷீரும் ஒட்டித்தான் போனான். மாமி சொன்னாள் என்பதற்காக மட்டும் இல்லை, அதுதான் அவன் பழக்கம். குதிரை வண்டி ஓட்டிய காலத்தில் முன்னால் போகும் வண்டியை முட்டும் அளவுக்கு நெருங்கிப் போவான். குதிரைக்குத் தன் மூக்கின்மேல் அக்கறை உண்டு, முன்னால் எது நின்றாலும் அது தானாக நின்றுவிடும். பதினான்கு வருஷமாக அவன் குதிரையின் புத்தியைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சூலியா தெருவைத் தாண்டிப் பினாங்கு ரோட்டுக்கு வந்தபோது தூறல் போட்டது. டிராம் ஒன்று நின்றதால் லோரியும் சட்டென்று நின்றது. லோரியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த உதவியாளான கெலிண்டான், பலகையில் தட்டிக் கத்தினான். "ஓய்! ஓய்!"

பஷீர் பிரேக்கின்மேல் ஏறி நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கியது. காருக்குக் குதிரையின் புத்தி இல்லை, அது பாட்டுக்குப் போனது. காகிதப்பூ மூங்கில் ஒன்று முன் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி வந்து ஆடியபோதுதான் நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணை மூடிக்கொண்டது. கொம்பாங்கும் நின்றுவிட்டது.

கண்ணாடிக்குள் மூங்கில் புகுந்திருந்தால் முதலில் பஷீரின் முகம், அப்புறம் மச்சான். கீறலைப் பற்றி அதற்குப் பிறகுதான் நினைத்தான்.

லோரி மறுபடி நகர்ந்தது. பஷீர் நகரவில்லை. இத்தனை நேரமும் தனக்குத் தெரிந்ததெல்லாம் லோரியின் பின்பலகை மட்டும்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குதிரை வண்டியில் உயரமாக உட்கார்ந்து தெருக்கோடி வரைக்கும் பார்ப்பான். இந்தக் காரிலோ பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி. லோரி தள்ளிப் போகப் போக அதன் பின்சக்கரங்கள் தெரிந்தன, இரண்டு பக்கமும் ரோடு தெரிந்தது, எதிரே வரும் ரிக்‌ஷாக்கள் தெரிந்தன. அந்த அளவு வந்த பிறகே காரை எடுத்தான்.

"என்ன தம்பி இது? நடுவுல கப்பலே போவும்போல இருக்கே!"

"போவட்டும் மாமி."

"போவட்டுமா?"

"காடி நம்ம சொன்னா உடனே நிக்காது மாமி. இதுக்கு மேல ஒட்டிப் போகச் சொன்னா நான் இறங்கிடுறேன். நீங்களே ஓட்டிக்குங்க."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பஷீர் மாமியாரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

அந்தச் சந்தோஷம் கால் மைல் தூரம்கூட நீடிக்கவில்லை. மக்காலிஸ்டர் ரோடு முனையில் கூண்டை இழுத்து மூடிய ரிக்‌ஷா ஒன்று, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துச் சாவகாசமாக உள்ளே புகுந்தது.

"யா அல்லா! நுழைஞ்சிட்டான்! ஹோர்ன் அடி, தம்பி! அவனைத் தாண்டிப் போ!" ஹபீபா பீவியின் குரல் உடைந்துவிட்டது. அழவே ஆரம்பித்துவிட்டாள். அதைக் கேட்கப் பஷீருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பெற்ற மகனின் வாழ்வை நினைத்து அழுகிறாள், அதில் பொய் இல்லை. ஹோர்னில் கையை வைத்தான். ஈரத் தெரு, ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு ஓடுகிற மனிதன், எப்போது நிற்கும் என்று தெரியாத லோரி. கையை எடுத்துவிட்டு, ரிக்‌ஷாவிலிருந்தும் இன்னும் கொஞ்சம் பின்வாங்கினான்.

அடுத்த வளைவில் ஒரு கட்டை வண்டி குறுக்கே திரும்பியது. லோரி மறுபடியும் சடக்கென்று நின்றது. ரிக்‌ஷாக்காரன் கால் வழுக்கி முட்டி போட்டுவிட்டான், ரிக்‌ஷா சாய்ந்து நடு ரோட்டில் நின்றது. பஷீர் பிரேக்கை மிதித்தான். கார் வழுக்கியது, வழுக்கி முடித்து நின்றது. அப்போதும் ரிக்‌ஷாவுக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு இடம் இருந்தது.

ரிக்‌ஷாவின் கூண்டு விலகியது. கையில் மருந்துப் பெட்டியோடு இறங்கியவர் டாக்டர் திருநாவுக்கரசு.

காரை இரவல் கொடுத்துவிட்டு மனிதர் ரிக்‌ஷாவில் நோயாளி பார்க்கக் கிளம்பியிருக்கிறார்! பஷீர் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். டாக்டர் ரிக்‌ஷாக்காரனைத் தூக்கி நிறுத்தி முட்டியைப் பார்த்தார். பிறகு ரிக்‌ஷாவிலிருந்து காரின் மூக்குவரை மெல்ல நடந்தார்.

"ஒன்பது அடி. ஒட்டி வந்திருந்தா என்ரை முதுகிலைதான் ஏறியிருப்பாய்."

"ஆமாங்கய்யா" என்றான் பஷீர்.

அதற்குள் ஹபீபா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையோடு இறங்கி வந்துவிட்டாள். "யாருய்யா நீங்க? எங்க சீருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல..."

"மாமி! இவருதான் டாக்டரு. காடி இவருடையதுதான்."

ஹபீபா பீவி காரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அட, நம்ம டாக்டரா! மாப்பிள்ளை ஏறி வர்ற காடிக்கே சொந்தக்காரரு எப்படி அன்னியமாவாரு? தம்பி, கதவைத் திற. அய்யா சாப்பிடாம போகக் கூடாதுலா!"

நோயாளி வீடும் அதே வழியில்தான் இருந்தது. டாக்டர் ரிக்‌ஷாக்காரனை அனுப்பிவிட்டு முன் சீட்டில் பஷீருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கொம்பாங் மறுபடி முழங்க ஊர்வலம் நகர்ந்தது.

"ஈப்போக்காரனுக்கு ஆள் தேவையில்லையெண்டு நாளைக்கு எழுதிப் போடுறன்" என்றார் டாக்டர், ரோட்டைப் பார்த்தபடியே.

பஷீருக்குக் கண்ணில் நீர் முட்டியது. முன்னால் போன லோரியும் காகிதப் பூக்களும் கலங்கலாகத் தெரிந்தன. அதனால் இன்னும் பத்தடி தள்ளியே ஓட்டினான். குடை சும்மா இருந்தது.