சிதம்பரத்திலிருந்து வந்த இலை

2006-லிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் சிதம்பரத்திலிருந்து ஒரு தலைவாழை இலை, இட்லியும் கறிக்குழம்பும் அதிரசமும் சுமந்து, ஆவி அடங்காமல் கடல்வழியாக வந்து கடலூர் முதுநகர் உப்பனாற்றில் திரும்பும். மீன்பிடிப் படகுகள் ஒதுங்கி வழிவிடும். நடு ஆற்றில் நங்கூரம் போட்டிருந்த பாய்மரப் படகின் பக்கத்தில் போய் இலை நிற்கும். படகு ஒரு வெள்ளைக்காரருடையது. ஒரு மாதத்தில் வருவதாகச் சொல்லிப் போனவர் வரவேயில்லை. சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது. படகுக்குக் காவலாக அதிலேயே குடியிருந்தவன் தங்கராசு. கல்யாணமான வருடமே, ஆடிக்குப் பிறந்த வீடு போன மனைவி சந்திரலேகாவின் கைப்பக்குவம் அது. குழம்பில் மிளகு தூக்கலாக இருக்கும் வாசனையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையின் வாசலுக்கே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை. மாமனார் பொன்னுரங்கம் தட்டோடு வரத்தான் செய்தார். ஆனால் சுனாமிக்குப் பிறகு தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று இருந்தவர் அவர். கரையிலேயே நின்று, "மாப்ள, பண்டிகைக்கு வந்துருங்க" என்று கைதட்டிக் கூவினார். தங்கராசுவுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு வாசல் அந்தப் படகுதானே. "கைதட்டிக் கூப்புட நான் என்னா ஐஸ் வண்டிக்காரனா?" என்று கத்திவிட்டு, செல்போனைத் தூக்கி ஆற்றில் போட்டான். பொன்னுரங்கம் தட்டோடு திரும்பினார். இருவரில் ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம்.

இலையை அவன் தொட்டதில்லை. ஒரு வாய் வைத்தாலும் அழைக்காத வீட்டில் சாப்பிட்டதாகிவிடும். ஊரெல்லாம் வெடிச்சத்தம் கேட்க, பழைய கைலியோடு பாய்மரத்தடியில் உட்கார்ந்து அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருப்பான். பொழுது சாய்ந்ததும் இலை வந்த வழியே திரும்பும். அப்போதுதான் அவனுக்கு அழுகை வரும். அழுதால் கேட்கவும் அங்கே ஆளில்லை. வருடங்கள் இப்படியே போயின.

2011-இல் இலை வெறுமையாக வந்தது. தெளித்த தண்ணீர் மட்டும் அதில் நின்றது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சார்லஸ், "என்னா மச்சான், இந்த வருசம் ஒண்ணுமே காணும்?" என்று கேட்டான்.

"அவுங்க வூட்ல தீபாவளி இல்லடா. சாவு வுழுந்துருக்கு."

அந்த வீட்டில் இருந்ததே அப்பாவும் மகளும்தான். இலை போட்டவள் மகள். இனி வெற்றிலைத் தட்டோடு வர ஆளே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நல்லதுக்குத்தான் அழைப்பு பார்க்க வேண்டும். துக்கத்துக்கு யாரும் அழைப்பதில்லை, தெரிந்தவுடன் போய் நிற்க வேண்டும். தங்கராசு நங்கூரத்தை எடுத்தான், பாயை விரித்தான்.

இலை முன்னே போக, படகு பின்னே போனது. பரங்கிப்பேட்டை தாண்டி, கிள்ளைப் பக்கம் ஒரு வாய்க்காலில் புகுந்து, வாய்க்கால் முடிந்த இடத்தில் தார்ரோட்டில் ஏறி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வழியாகச் சந்திரலேகாவின் தெருவுக்கு வந்தது. குமராட்சி மினிபஸ் ஒன்று மட்டும் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது.

கூடத்தில் மாமனார் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சந்திரலேகாவின் முன்நெற்றியில் நரை கண்டிருந்தது. வாசலில் வந்து நின்ற இலையை எடுத்துத் துடைத்து, படத்துக்கு எதிரே போட்டாள்.

"எல போட்டு எம்மா நேரமாவுது. உக்காருங்க."

அன்று வெறும் சோறும் ரசமும்தான். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். மறுநாள் காலையில் பால்காரர் வந்து, வண்டி போக வழியில்லை, படகைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள் என்றார்.