ஏழாவது புரி

ஹோபர்ட் லைகின்ஸின் துப்பாக்கி வெடித்தபோது சுடுகளத்தில் நாங்கள் பத்துப் பேராவது நின்றிருப்போம். வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கிற பழைய மாதிரிக் கரிமருந்துத் துப்பாக்கியைச் சுட்டால் அடங்கிய ஒரு சத்தம் வரும், வெள்ளைப் புகை மெல்லக் கலையும். அன்று மாலை கேட்டது தகரத்தைக் கிழிக்கிற சத்தம். புகை விலகியபோது ஹோபர்ட் தன் இடது கையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டைவிரலைக் காணோம்.

"மருந்த நான் சரியாத்தான் போட்டேன், ஆர்வில்," என்றான். "குண்டையும் அடிவரைக்கும் கெட்டிச்சேன். சத்தியமா."

அந்தத் துப்பாக்கியைச் செய்தவன் ஆர்வில் ஸ்டாம்பர், என் பக்கத்து வீட்டுக்காரன். மேப்பிள் கட்டையைச் செதுக்குவது, விசை பொருத்துவது எல்லாம் அவனே. குழலை மட்டும் வெளியிலிருந்து வாங்குவான். சந்தைகளில் நல்ல பழைய குழல் கண்ணில் பட்டால் விடமாட்டான். ஹோபர்ட்டின் கையைத் துண்டால் சுற்றி என் வண்டியில் ஏற்றினோம். ஆர்வில் ஏறுமுன் புல்லில் சிதறிக் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பியபோது விடிந்திருந்தது. ஆர்வில் வீட்டுக்குள் போகாமல் நேரே பட்டறைக்குப் போனான். காப்பி போட்டுத் தருகிறேன் என்று நானும் பின்னால் போனேன்.

உடைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். புதிதாகப் பிளந்த இரும்பு சர்க்கரை மாதிரி மினுங்கும். இதிலும் மினுங்கியது, ஆனால் நடுவே நீளவாக்கில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. நகத்தால் சுரண்டினான். துரு.

"இது நேத்து விட்ட விரிசல் இல்ல," என்றான். "ஹோபர்ட் வாங்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. நான் வாங்கறதுக்கும் முன்னாடியே."

பிறகு குழலின் உள்பக்கத்தைத் தடவினான். குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காகக் குழலுக்குள் திருகித் திருகிப் போகும் பள்ளங்களைப் புரி என்போம். அதில் ஏழு புரி. ஆறு ஒரே அகலம். ஏழாவது மட்டும் ஒடுங்கி, ஓரத்தில் கீறலோடு இருந்தது. அறுத்தவனின் வெட்டுளி மூக்குடைந்து போயிருக்க வேண்டும்.

ஆர்வில் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னய்யா?" என்றேன்.

"இதே கீறல நான் இன்னொரு குழல்ல பாத்திருக்கேன். துடைக்கிறப்ப துணி மாட்டும். எண்ணெய்க் காகிதம் சுத்தி ரெண்டும் ஜோடியா வந்துச்சு. ஒண்ணு ஹோபர்ட்டுக்கு. இன்னொண்ணு..."

இன்னொன்று அவன் மகள் ஒலீத்தாவிடம் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண், சுடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. கரிமருந்துத் துப்பாக்கிக்காரர்களுக்கு மான் வேட்டை திறக்கிற நாள், அதாவது சுட அனுமதி தொடங்குகிற முதல் நாள், அன்றைக்குத்தான்.

ஆர்வில் அவள் வீட்டுக்குப் போன் போட்டான். மருமகன் எடுத்தான். "இருட்டோட கிளம்பிட்டாளே மாமா. பெரிய மேட்டுக்கு. ஏன், நீங்களும் வர்றதா சொன்னீங்களா?"

குழல்களை விற்ற டோர்சி மெஸ்ஸருக்கு அடுத்த போன். அவை பேர்போன ஒரு பழைய பட்டறையில் அறுத்தவை, பட்டறையை மூடியபோது மிஞ்சியவை என்று சொல்லித்தான் டோர்சி விற்றிருந்தான். எனக்கும் கேட்கும்படி ஆர்வில் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தான்.

"டோர்சி, அந்த ஜோடிக் குழல் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதான் சொன்னேனேப்பா, அந்தப் பழைய..."

"ஹோபர்ட்டோட கை போயிருச்சுடா."

மறுமுனையில் அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், ஓஹயோவுல ஒருத்தன்," என்றான் டோர்சி. "க்ளெல்னு பேரு. வீட்டுக் கொட்டகையில லேத் வெச்சிருக்கான். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு ஆர்வில். பழசுன்னு சொன்னாத்தான் வாங்குவாங்கன்னு..."

ஆர்வில் ரிசீவரைத் தொங்க விட்டுவிட்டு ஓடினான். நானும் பின்னால் ஓடி வண்டியை எடுத்தேன்.

பெரிய மேட்டின் அடிவாரத்தில் ஒலீத்தாவின் பிக்கப் வண்டி நின்றது. அங்கிருந்து நடைதான். ஈர இலைகளில் கால் வழுக்கியது. பாதி ஏறியிருப்போம், வலப்பக்கச் சரிவிலிருந்து ஒரு வெடி கேட்டது. இருவரும் சிலையாக நின்றோம். அது அடங்கிய சத்தமா, கிழிந்த சத்தமா? மலை அதை அங்கும் இங்கும் புரட்டி எறிந்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. யாராவது அலறுகிறார்களா என்று காதைத் தீட்டினோம். ஒரு மரங்கொத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"அவ இடப்பக்கந்தான் உக்காருவா," என்றான் ஆர்வில். "எப்பவும் இடப்பக்கந்தான்." தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

நாங்கள் ஒலீத்தாவைப் பார்த்தபோது அவள் எங்களைப் பார்க்கவில்லை. விழுந்த ஓக் மரத்தின் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றியிருந்தாள். ஆரஞ்சுத் தொப்பி. கன்னம் கட்டையோடு ஒட்டியிருந்தது. குழல் அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் ஆரம்பித்தது. எதிர்ப் புதரில் பெரிய கொம்பு மான் ஒன்று தலை குனிந்து ஓக் கொட்டை மேய்ந்துகொண்டிருந்தது. அவள் ஒரு விரலால் விசையைத் தயார் செய்த 'க்ளிக்' எனக்குக் கேட்டது. இனி அதில் காற்றுப் பட்டாலே போதும், வெடித்துவிடும்.

கத்த வாய் திறந்தேன். ஆர்வில் என் வாயைப் பொத்தினான். கத்தினால் அவள் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் விரல் அசையும். கத்தாவிட்டாலும் அடுத்த மூச்சில் சுட்டுவிடுவாள்.

அவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குப் புரிவதற்குள் நடந்துவிட்டது. பக்கவாட்டில் இறங்கி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அவளுக்கும் மானுக்கும் நடுவே மெதுவாக நடந்து போய் நின்றான். குழலின் வாய் அவன் நெஞ்சைப் பார்த்தது. தன் மகள் எதிரில் ஓர் ஆள் நிற்கும்போது சுடமாட்டாள் என்பது ஒன்றுதான் அவனுக்கு நிச்சயம்.

மான் பாய்ந்து மறைந்தது. குழல் வானத்தைப் பார்த்து உயர்ந்தது. விசையைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"அப்பா! உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? இன்னும் ஒரு மயிரிழ! உங்க நெஞ்சுலதான் போயிருக்கும்!"

"அத கீழ வெய்யி கண்ணு. மரத்துக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டு என்கிட்ட வா."

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க மொதல்ல."

"வெச்சுட்டு வாடி!"

தந்தை அவளை 'டி' போட்டு அதட்டி நான் கேட்டதில்லை. அவள் வைத்துவிட்டு வந்தாள். ஆர்வில் அவளுடைய இடது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் நம்பவில்லை. "கோடை முழுக்க இதுலதான் சுட்டேன். போன மாசம் பரிசு வாங்கினேனே, இதுலதான. ஹோபர்ட் மாமா வாய் பேசிட்டே கெட்டிச்சிருப்பாரு, குண்டு பாதியில நின்னிருக்கும், அதான் குழல் வெடிச்சிருக்கும்."

"இருக்கலாம்," என்றான் ஆர்வில். "அப்படியே இருக்கட்டும்."

குழலுக்குள் ஓடைத் தண்ணீரை ஊற்றி மருந்தை நனைத்த பிறகுதான் அதைத் தொட்டுத் தூக்கினான். பட்டறையில் குண்டைப் பிடுங்கி எடுத்து, குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, ஒரு முனையை அடைத்து மண்ணெண்ணெய் நிரப்பினான். வெளிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸைக் குழைத்துப் பூசினான். அது காய்ந்து வெள்ளையானது; விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து அதில் கோடாகத் தெரியும். பிறகு மூவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் ஆறிப்போயின.

"ஒண்ணுமில்ல பாத்தீங்களா?" என்று ஒலீத்தா இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

மருந்து வெடிக்கிற இடத்துக்குச் சற்று மேலே வெள்ளையில் ஒரு முடி விழுந்த மாதிரி தெரிந்தது. ஆர்வில் ஊதினான். முடி போகவில்லை. அது நீண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரக் கோடாகி, ஒரு விரல் நீளம், இரண்டு விரல் நீளம் என்று ஊர்ந்தது. அவள் இடது கையால் பிடிக்கிற இடம் அது.

ஒலீத்தா எழுந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

மறுநாள் டோர்சியையும் வண்டியில் திணித்துக்கொண்டு ஓஹயோவுக்குப் போனோம். வழி முழுக்க ஆர்வில் அவனிடம் பேசவில்லை. டோர்சி ஒரே ஒரு தரம், "அடிக்கணும்னா அடிச்சிருய்யா, இப்படி இருக்காத," என்றான்.

க்ளெல் எங்கள் வயசுக்காரன். நல்ல மனுஷன் என்பதுதான் பயங்கரம். குழலைப் பார்த்ததும், "அட, என்னுதுதான் இது," என்று சிரித்தான். ஏழாவது புரியைத் தொட்டுக் காட்டி, "வெட்டுளி உடைஞ்சு போச்சு, அவசரத்துல விட்டுட்டேன்," என்றான்.

"இரும்பு எது?" என்றான் ஆர்வில்.

"திருகாணி பண்ற கம்பி. வெண்ணெய் மாதிரி அறுபடும். ஏன்?"

அப்படி அறுபடுகிற இரும்பு மருந்தின் வெடிப்பைத் தாங்காது. ஆர்வில் உடைந்த துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தான். ஹோபர்ட்டைப் பற்றிச் சொன்னான். க்ளெல்லின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்திலேயே மறந்து விட்டுவிட்ட மாதிரி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வீட்டுக்குள் ஓடி, சுவரில் தொங்கிய தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து, எங்கள் கண்முன்னே குழலைக் கழற்றி வைஸ் இடுக்கியில் மாட்டி இரண்டாக அறுத்தான். அறுக்கும்போது அழுதான்.

"அந்தக் கம்பியில ஆறு பண்ணேன்," என்றான். "உங்க ரெண்டு. இது ஒண்ணு."

மற்ற மூன்றில் ஒன்றை க்ளெல்லின் தம்பியிடமிருந்து வாங்கினோம். இன்னொன்றை ஒரு பாதிரியாரின் வீட்டு மச்சிலிருந்து எடுத்தோம். கடைசிக் குழலை டோர்சிதான் விற்றிருந்தான், அதுவும் பழசு என்று சொல்லி. வாங்கியவன் யார் என்று தெரியாது. மிச்சிகன் மாநில நம்பர் பலகை போட்ட வண்டி, தாடி வைத்த ஆள், அவ்வளவுதான் ஞாபகம். கரிமருந்துச் சங்கங்களின் இதழ்களிலெல்லாம் அறிவிப்புக் கொடுத்தோம். டோர்சியே தன் பேரைப் போட்டு, செய்ததைச் சொல்லி எழுதினான். பதில் வரவில்லை.

ஆர்வில் இப்போதும் துப்பாக்கி செய்கிறான். வடக்கே மிச்சிகனில் வேட்டை திறக்கிற நாள் எது என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் பட்டறையைத் திறப்பதில்லை. போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.